கொடி சுருட்டிய பிறகு

தடுப்புக் கம்பத்தைத் துடைக்கப் பழைய பனியன்துணிதான் நல்லது. புதுத்துணி பிசுக்கை இழுக்காது, பரப்பிவிடும். கம்பத்தின் மேல்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும். அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். குனிந்து நுழைகிறவர்களின் தலையெண்ணெயும் முதுகு வியர்வையும் உரசி உரசிக் கறுப்பாக ஒரு பசை படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். அதைத் தொட்ட கையால் என்னால் சாப்பிட முடியாது. வீட்டில் எனக்கு மட்டும் ஸ்பூன்.

ரயில்வே கேட் எப்படி வேலை செய்கிறது என்று பலருக்குத் தெரியாது, சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். நான் சக்கரத்தைச் சுற்றிக் கம்பத்தை இறக்கிப் பூட்டுவேன். அந்தச் சாவியை அறையிலுள்ள பெட்டியில் செருகித் திருகினால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும். கேட் திறந்திருக்கும்வரை ரயிலுக்கு வழி இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். ரயில் போன பிறகும் சாவி உடனே வெளியே வராது, ஸ்டேஷனிலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் மனிதர்களால் பொறுக்க முடிவதில்லை.

காத்திருக்கும்போது துப்புவார்கள். என் அறைச் சுவரில் சிறுநீர் கழிப்பார்கள், நான் ஜன்னலில் நிற்பது தெரிந்தே. பைக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கம்பத்துக்கு அடியில் இழுத்துப்போவார்கள். கழுத்தில் டை கட்டியவர்களும் நான்கு காலில்தான் போவார்கள்.

இங்கே தண்டவாளம் இரண்டு. ஒன்றில் ஓடும் வண்டி, மற்றதில் வருவதை மறைத்துவிடும். சத்தத்தையும் விழுங்கிவிடும். ஆபத்து எப்போதும் இரண்டாவது வண்டியில்தான். போகும் வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டுவது என் வேலை. இன்னொன்று வருவதாக இருந்தால் கொடியை விரித்தபடியே நிற்பேன். இல்லையென்றால் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். இது எந்த விதியிலும் இல்லை. என் வழக்கம், அவ்வளவுதான்.

அந்த வழக்கத்தைக் கவனித்து நடந்தவர் இஸ்திரிக்கார அக்கா ஒருவர். எங்கள் பக்கத்தில் வண்டி போட்டிருந்தார். தேய்த்த துணிகளை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கக் குடியிருப்புக்குக் கொண்டுபோவார்.

"என்ன தம்பி, சுருட்டுறீங்களா, இல்ல இன்னொன்னு வருதா?"

"நில்லுங்கக்கா, வருது."

"வரட்டும். எனக்குத்தான் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது. பாலம் பாலம்னு சொல்றீங்களே, உங்க கல்யாணத்துக்குள்ளயாவது கட்டுவாங்களா?"

"எனக்குக் கல்யாணமாகி, பையன் காலேஜ் போறான்க்கா."

"சரி, அப்ப உங்க பேரன் கல்யாணத்துக்கு வெச்சுக்குவோம்."

பைக்கில் வந்த ஒருவன் கேட்டான், "ஏம்மா, லைன் காலியாத்தானே கிடக்கு? அந்தாளு மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிற?"

"உனக்கு லைன் தெரியுது. எனக்கு அவரத் தெரியும். நீ போ ராசா."

நடைமேம்பாலம் வேண்டுமென்று நான் கேட்காத அதிகாரி இல்லை. இருபுறமும் படிக்கட்டு, நடுவில் ஒரே நீளத்துக்கு இரும்பு உத்தரம், அவ்வளவுதான் வேலை. கடைசியாக வந்த மேலதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

"விபத்தே நடக்காத இடத்துக்குப் பாலம் எதுக்குய்யா? ஆள் செத்த கேட்டுக்கே இப்பத்தான் ஒண்ணொண்ணா வருது. உன்னாலதான் இங்க ஒருத்தரும் சாகல. சந்தோஷப்படு."

அவர் சொன்னதில் தப்பில்லை. இதுவும் பூட்டும் சாவியும் போலத்தான். ஒன்று திரும்பாமல் மற்றொன்று திறக்காது. நான் ஒழுங்காக வேலை செய்கிறவரை பாலம் வராது. பாலம் வராதவரை அந்தப் பிசுக்கு போகாது.

நீங்கள் விசாரித்தீர்களே, அந்த நாள் காலையில் முதல் வண்டி போனது. இரண்டாவது வருவது எனக்குத் தெரியும். கொடியைச் சுருட்டினேன். பிறகு, இரண்டாவது வண்டி நெருங்கியதும் மறுபடி விரித்து முறைப்படி காட்டினேன். ஓட்டுநர் மேல் பழி வரக் கூடாது. கேட் பூட்டியிருந்தது, சிக்னல் சரி, கொடி சரி. அத்துமீறிக் கடந்ததால் மரணம் என்று நீங்கள் விசாரணையை முடித்ததும் சரிதான்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்ததுதான். அக்கா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தார். மூட்டை பிரிந்து, சட்டைகள் ஜல்லி முழுக்கச் சிதறியிருந்தன. ஆட்கள் குனிந்து உள்ளே வந்தார்கள். அவரைத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர் ஒரு சட்டையை எடுத்து உதறி, காலர் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னுது" என்றார். இன்னொருவர் ரத்தம் படாததாகத் தேடினார். "சார், ஆபீசுக்கு லேட்டாகுது, கம்பத்தக் கொஞ்சம் தூக்குங்க" என்றது ஒரு குரல். நான் அறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

பாலம் வந்துவிட்டது. ரயில் இல்லாத இடைவெளி பார்த்து, இரண்டு கிரேன்கள் சேர்ந்து உத்தரத்தைத் தூக்கி வைத்தன. ஒன்று கொஞ்சம் முந்தினாலும் உத்தரம் முறுக்கிக்கொள்ளும். பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவு பொறுமையான வேலை. இனி அதை யாரும் பிரிக்கப்போவதில்லை. அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

இப்போதும் கூட்டம் கம்பத்துக்கு அடியில்தான் போகிறது. படி ஏற மூச்சு வாங்குகிறதாம். படிக்கட்டுத் திருப்பத்தில் எச்சில், மூத்திரம். மூக்கைப் பொத்தாமல் ஏற முடியாது. அக்கா இருந்திருந்தால் ஏறியிருப்பார். அவர் ஒருவராவது ஏறியிருப்பார்.

நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கொடி சுருட்டுவது எல்லார் கண்முன்னும் செய்கிற காரியம். பார்க்கிறவர் பார்க்கலாம். அன்று அக்கா அந்தப் பக்கம் திரும்பி மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் சுருட்டினேன்.