திரையில் வராத கீபோர்டு

கம்ப்யூட்டரில் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று ஒரு கட்டம் நாள்முழுக்க எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். நானும் எரிச்சலில்தான் அமுக்கினேன், இன்ஸ்பெக்டர் மேடம். அது மட்டும் தற்செயல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் பெனிட்டோ கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் வேண்டும் என்பார். பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. கூட வேலை பார்த்த எட்சன் வந்து, கட்டிலோரம் ஒரு உருண்டை மவுஸைப் பொருத்திக் கொடுத்தான். திரையில் ஒரு கீபோர்டு தெரியும். இவர் உருண்டையை உருட்டி எழுத்தெழுத்தாக அமுக்குவார். கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுச் சொல்லும். தண்ணீர் என்று சொல்லும். முதுகு அரிக்கிறது என்று சொல்லும்.

குளச்சலில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பங்குத்தந்தை பிரசங்கத்திலேயே சொன்னார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, குழாயில் கஞ்சி விடுவது எல்லாம் நான்தான். அவர் பிடிவாதம் பிடித்தால் மவுஸைக் கொஞ்சநேரம் எடுத்துவைப்பேன். பிள்ளைகளிடமிருந்து பொம்மையை வாங்கிவைப்பதில்லையா, அதுபோல.

ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் சொன்னது: "என்னை முட்டத்தில் அக்கா வீட்டில் கொண்டுவிடு. உன்னிடம் எனக்குப் பயமாக இருக்கிறது." மறுநாளும் சொன்னது.

அந்த வாரம்தான் பதிப்பு மாறியது. திரை அழகாகத்தான் வந்தது. அம்பும் ஓடியது. கீபோர்டு மட்டும் வரவில்லை. நான் உண்மையாகவே பதறினேன். இன்டர்நெட்டில் தேடினால், இதே கோளாறு பலருக்கும் இருந்தது. பாஸ்வேர்டு கேட்கும் திரையின் மூலையில் ஒரு பல்சக்கரம் இருக்கும், அதை அமுக்கிப் பழைய முறையில் உள்ளே போனால் சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இவர் தூங்கும்போது செய்துபார்த்தேன். கீபோர்டு வந்தது.

வீடு அமைதியாக இருந்தது. கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பழைய முறையிலிருந்து வெளியே வந்து, கீபோர்டு வராத புதிய முறையிலேயே உள்ளே போனேன்.

எட்சன் அப்போது சவுதியில் இருந்தான். போனில் கேட்டான். "அக்கா, மூலையில பல்சக்கரம் மாதிரி ஒண்ணு கிடக்கும், பாத்தியளா?"

"பாத்தேன் எட்சா. அப்படி ஒண்ணும் காணல்லியே."

அவருடைய அக்கா ஜெபமணி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூட வாறியா மக்களே? வாறேன்னா கண்ணைச் சிமிட்டு" என்றாள். அவர் சிமிட்டிக்கொண்டே இருந்தார்.

"கண்ணு வறண்டு போச்சு மைனி" என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டேன். மருந்து விட்டால் கண்ணை மூடத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு அவருக்காக நானே பேசினேன். என்ன பிடிக்கும், யாரைப் பார்க்க விருப்பமில்லை, எல்லாம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டையே இல்லாத மாதங்கள் அவைதான்.

ஒரு காலையில் வியர்த்துக் கிடந்தார். விரல் உருண்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. வெறும் திரையில் அம்பு அங்குமிங்கும் ஓடியது. டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தேன். நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் இவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

"ஆஸ்பத்திரின்னாலே அவருக்கு விருப்பமில்ல டாக்டர். என்கிட்ட முன்னமே சொல்லியிருக்காரு. வலி ஒண்ணும் இல்ல. இருந்தா எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்தது, மேடம். வலிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் யாராவது இன்னொரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவர் விரலுக்கடியில் வைத்துவிட்டால்?

டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து எழுதிவிட்டுப் போனார். கடைசியில் பக்கத்து வீட்டு மரியான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். குடல்வால் வெடித்து விஷம் பரவிவிட்டது என்று அங்கே சொன்னார்கள்.

அடக்கத்துக்கு வந்த எட்சன் கம்ப்யூட்டரைப் போட்டு, மூலையில் ஒரே ஒரு தடவை அமுக்கினான். திரையில் கீபோர்டு வந்து நின்றது. "இதத்தானே அக்கா நான் கேட்டேன்" என்றான். அவன்தான் உங்களிடம் வந்திருப்பான். அவன் சொன்னது எல்லாம் சரி.

மைனி சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். அவர் என் கையில் சித்திரவதைப்பட்டுச் செத்தாராம். பேச முடிந்திருந்தால் அவரே உங்களிடம் சொல்லியிருப்பார், நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று.