ஆறாவது பாட்டில்

இல்ல மேடம், சிபாரிசுக்கு வரல. அந்த முதல் வருஷ எம்.பி.பி.எஸ். பொண்ணு எனக்குச் சொந்தமும் இல்ல, தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணும் இல்ல. உண்மையைச் சொன்னா எங்க டிபார்ட்மென்ட்ல அவளைக் கண்டாலே யாருக்கும் ஆகாது. எதைச் சொன்னாலும் ஏன் சார்னு கேப்பா. அதனால அவளுக்கு ஏன்னே பேர் வெச்சிட்டோம். இன்னிக்கு ஏன் லீவுன்னு யாராவது சொன்னா ஸ்டாஃப் ரூமே நிம்மதியா டீ குடிக்கும்.

விஷயம் இதுதான். பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகல்ல ஒரு பாட்டிலுக்கு அவளுக்கு நான் சைபர் போட்டிருக்கேன். அதை முழு மார்க்கா மாத்தணும், அதுக்கு பிரின்சிபால்ங்கிற முறையில உங்க கையெழுத்து வேணும். மார்க் எல்லாம் மத்தியானம் யுனிவர்சிட்டிக்குப் போகுது. அப்படியே போயிடுச்சுன்னா அவ பெயில். கூடப் படிச்சவங்க எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போவாங்க, இவ மறுபடி முதல்லேர்ந்து உக்காரணும். வைவால தேத்தியிருக்கலாம்தான். ஆனா வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் ஒரு கேள்வி கேட்டதுக்கு, இவ அவர்கிட்ட ரெண்டு கேட்டுட்டா.

காரணமா? சொல்றேன். நீங்க சர்ஜன், உங்களுக்கு எங்க சப்ஜெக்ட் ஞாபகம் இருக்காது. தப்பா எடுத்துக்காதீங்க, யாருக்கும் இருக்காது. பரீட்சைக்கு முந்தின நாள் அந்த வட்டம் வட்டமா வர்ற ரசாயன மாற்றத்தையெல்லாம் உருப்போடுவாங்க, எழுதி முடிச்சதும் ஹால் வாசல்லயே கொட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அது பழகிடுச்சு. நானும் டாக்டர்தான். ஆனா என் மாமியாருக்கு வயித்து வலின்னா மாடி வீட்டு பல் டாக்டரைத்தான் கூப்பிடுவாங்க.

பிராக்டிகலுக்கு ஆறு பாட்டில் சிறுநீர் வெப்போம். எதுல என்ன இருக்குன்னு பசங்க டெஸ்ட் பண்ணிச் சொல்லணும். அஞ்சு பாட்டில் நானே தயார் பண்றது. தண்ணியில கொஞ்சம் டீத்தூள் சாயம் விட்டு, குளுக்கோஸ் கலந்தா சர்க்கரை நோயாளி ரெடி. முட்டை வெள்ளைக்கருவை விட்டா, புரதம் ஒழுகற, கிட்னி கெட்ட நோயாளி. காபி ஆறுறதுக்குள்ள ஒரு வார்டையே நிரப்பிடுவேன். ஆறாவது மட்டும் நிஜம். ஆரோக்கியமான ஆளோடது.

எந்த ஆளா? வரேன் மேடம், அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன்.

ஆறாவது எப்பவுமே நார்மல்தான். சீனியர்ஸ் ஹாஸ்டல்லயே சொல்லிக் குடுத்துடுவாங்க. எங்களுக்கும் அது தெரியும், தெரிஞ்சும் மாத்தினதில்ல. அதனால பசங்க அஞ்சு பாட்டிலோட மல்லுக்கட்டிட்டு, ஆறாவதைச் சும்மா தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, நார்மல்னு எழுதிடுவாங்க. நானும் முழு மார்க் போட்டுடுவேன். எல்லாருக்கும் வீட்டுக்குப் போகணும் இல்லையா.

இவ மட்டும் டெஸ்ட் டியூபைத் தூக்கிட்டு என் மேஜைக்கு வந்தா. சார், ஆறுல புரதம் இருக்குன்னா. நான் நிமிர்ந்துகூடப் பாக்கல. டியூபை ஒழுங்காக் கழுவல, முந்தின முட்டை ஒட்டிட்டிருக்கும்னேன். போய்க் கழுவிட்டு வந்தா. அப்பவும் அதையேதான் சொன்னேன். மறுபடி வந்தா. எனக்குக் கோவம் வந்துடுச்சு, ஏம்மா உயிரை வாங்கறன்னு கேட்டுட்டேன். நேரா போயி பேப்பர்ல எழுதினா. புரதம் மிக அதிகம், இந்த நோயாளியை உடனே அட்மிட் பண்ணணும்னு. நோயாளியாம். நான் சிவப்பு மையில, முதலில் டியூப் கழுவக் கத்துக்கொள்னு எழுதி, பக்கத்துல பெருசா ஒரு சைபர்.

எல்லாரும் போனப்புறம் எனக்கு மனசுல அரிப்பு நிக்கல. நாளைக்கு அவ முகத்துக்கு நேரா காட்டணும்னே, புது டியூப் எடுத்து, நானே கழுவி, ஆறாவது பாட்டில்ல மிச்சம் இருந்ததை விட்டுச் சூடு பண்ணேன். மேல்பாதி பால் மாதிரி வெளுத்துடுச்சு, புரதம் இருந்தா வெளுக்கற மாதிரி. சில சமயம் உப்பாலயும் அப்படி வெளுக்கும், ரெண்டு சொட்டு ஆசிட் விட்டா தெளிஞ்சுடும். விட்டேன். தெளியல. இன்னும் கெட்டியாச்சு. அவ சொன்னது சரி மேடம். வகுப்புலயே அவ ஒருத்திதான் அந்த பாட்டிலை டெஸ்ட் பண்ணியிருக்கா.

மத்தவங்களைப் பெயிலாக்கவா? ஆக்கினா மொத்த வகுப்பும் போயிடும். அதுவும் போக, நானும்தானே டெஸ்ட் பண்ணாம நார்மல்னு வெச்சேன்? அவங்களை என்னன்னு கேக்கறது.

இல்ல, முட்டை கலந்திருக்க வாய்ப்பில்ல. ஆறாவதைத்தான் முதல்ல எடுத்து மூடி வெச்சேன், அப்புறம்தான் முட்டையே உடைச்சேன். நீங்க கேட்ட இதே சந்தேகம் எனக்கும் வந்துச்சு. அதான் இன்னிக்குக் காலையில புதுசா எடுத்துப் பாத்தேன். அதே வெள்ளை. சென்ட்ரல் லேப்ல வேற பேர்ல குடுத்தும் பாத்தேன், அவங்களும் அதைத்தான் சொல்றாங்க.

புதுசு எங்க கிடைச்சுதா?

என்கிட்டதான் மேடம். ஆறாவது பாட்டில் என்னோடதுதான். அட்டெண்டரைக் கேட்டா சங்கடப்படறாங்க, பசங்களைக் கேட்டா சிரிக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் யார்கிட்டப் போய் நிக்கறது. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இந்தக் காலேஜோட நார்மல் நான்தான்.

கால் வீக்கமா? இருக்கு. நின்னுக்கிட்டே பாடம் எடுக்கறதால வருதுன்னு நெனச்சேன். ஆமா, கிட்னி கெட்டா வர்ற அந்த வீக்கத்தைப் பத்தித்தான் பாடமே எடுத்துட்டிருந்தேன். பயமா இருக்கு மேடம், இல்லாம என்ன. சாயங்காலம் கிட்னி டாக்டரைப் பாக்கறேன், சொல்லி வெச்சிட்டேன். வீட்டுல இன்னும் பேச்செடுக்கல.

நீங்க அவருக்கு போன் அப்புறம் பண்ணலாம், முதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க. இந்தப் பக்கம் இல்ல, கீழ. தேதியும் போட்டுடுங்க. மார்க்கை மாத்தக் காரணம்னு ஒரு இடம் விட்டிருக்காங்க, அங்க என்ன எழுதறதுன்னுதான் தெரியல. எனக்கு வந்திருக்கிற வியாதியை முதல்ல கண்டுபிடிச்சது அவ, அதுக்குத்தான் நான் சைபர் போட்டேன்னு எழுதலாமா?