எட்டுப் பிள்ளைகளின் விலாசத்தைத் திருத்தியது பற்றி

வயது ஐம்பத்திரண்டு. தொழில் வேன் ஓட்டுநர். விலாசம், குழந்தைகள் மருத்துவமனைப் பின்தெரு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என்னைப் பிடித்தபோது நான் பதிவறை மேஜைக்கு அடியில் இருந்தேன். தொப்பை சிக்கிக்கொண்டதால் இரண்டு காவலாளிகள் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். ரத்தப் புற்றுநோய் வார்டுப் பிள்ளைகளைப் பதினாறு வருடமாக வேனில் வீடு சேர்க்கிறேன். என்னைக் குண்டு மாமா என்பார்கள். சிகிச்சை நடக்கும் மாதங்களில் தூரத்துக் குடும்பங்கள் பின்தெருவில் வாடகை அறை எடுக்கும். விலாசம் கேட்டால் அதையே சொல்வார்கள், பதிவேட்டிலும் அதையே எழுதுவார்கள். சொந்த வீடு எனக்குத்தான் தெரியும். முடி கொட்டிய பிள்ளைகளுக்கு வார்டில் பின்னல் தொப்பி கொடுப்பார்கள். துணிக்கொடியில் அந்தத் தொப்பி காய்ந்தால் வேனை நிறுத்துவேன். பெயிண்ட் கிடங்குச் சந்தில் போன வருடம் இரண்டு கொடியில் காய்ந்தது. இந்த வருடம் இன்னும் ஐந்து.

அதன் பிறகு, நகரத்தில் இந்த நோய் எங்கே கூடுகிறது என்று கணக்கெடுக்க ஒரு டாக்டரம்மா வந்தார். பதிவேட்டைப் பார்த்து வரைபடத்தில் ஊசி குத்தினார். முக்கால்வாசி ஊசி பின்தெருவில் நின்றது. அங்கேதான் தண்ணீரும் மண்ணும் சோதிப்போம் என்றார். நான், "பின்தெருவுல குடியிருக்கறது வேன் ஷெட்டும் நாலு நாயும்தான் டாக்டரம்மா. நாய்க்கும் ரத்தம் எடுத்துருங்க" என்றேன். சிரித்தார். அதன் பிறகு சந்து விஷயத்தை ஒழுங்காகச் சொன்னேன். அதற்கும் சிரித்தார். பதிவு எழுதும் தங்கச்சி, "வாய்ல சொன்னா மாத்த முடியாதுண்ணே, உத்தரவு வேணும்" என்றது. மேலாளர் அடுத்த வாரம் என்றார். மூன்று முறை அடுத்த வாரம் என்றார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை அந்தச் சந்தில் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேன் கதவருகே வந்தார். "அண்ணே, காலெல்லாம் நீலம் நீலமா இருக்கு. எங்கயும் விழலை" என்றார். நான் கேலி எதுவும் பேசாமல் கூட்டிவந்தேன். வியாழக்கிழமை பதிவேட்டில் அந்தக் குழந்தைக்கும் பின்தெரு என்று ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் தங்கச்சி சாப்பிடப் போன பிறகு, அதன் பச்சைப் பேனாவாலேயே எட்டு விலாசத்தையும் அடித்து, சந்தின் பெயரை எழுதினேன். காலடிச் சத்தம் கேட்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். பதிவேட்டைக் கெடுத்ததாகப் புகார். எழுத்துப் பிழை இருக்கலாம், தெரு சரி. நான் எழுதியவற்றின் மேல் வெள்ளை மை பூசி மறுபடி பின்தெரு என்று எழுதியாயிற்றாம். திங்கட்கிழமை மண் எடுக்க வேன் ஷெட்டுக்கு ஆள் வருகிறது.

ஏட்டையா இந்த வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னதுதான், ஒன்றைத் தவிர. வேன் எங்கே நிற்கும் என்று கேட்டதற்கு நான் சொன்ன பின்தெரு, மேலே என் விலாசமாக ஏறியிருக்கிறது. நான் குடியிருப்பது ரயில் கேட்டுக்கு அப்பால். மாற்றச் சொன்னேன். எழுதியதைத் திருத்துவது குற்றம் என்றார். கையெழுத்துப் போட்டேன்.