இரண்டு பேருக்கு நான்கு செடி

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, சார்ஜென்ட். ஆனால் பையை இவ்வளவு நேரம் ஊறவிடக் கூடாது, கசந்துவிடும். எனிட் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம்தான் விடுவாள். என் மனைவியிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் என்னை அவசரப்படுத்தவில்லை, அதற்கு நன்றி. நானும் முப்பத்தொரு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன். ஊரார் நிரப்பி அனுப்பும் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கிளைவ் மேஜையிலிருந்து, அதாவது என் மேஜையிலிருந்து, ஒரு காகிதம் ஒரே தடவையில் தேறி வந்தால் அன்றைக்கு கேக் வெட்டலாம் என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சட்டத்தை மீறும் எண்ணம் என் வீட்டுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. உங்கள் குறிப்பில் முதல் வரியாக அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கான்பராவில் ஓர் ஆளுக்கு இரண்டு கஞ்சாச் செடி வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் நான்கு. இது எனக்கு மனப்பாடம். அந்தத் துண்டறிக்கையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன், நீங்களே பார்த்தீர்கள். நாங்கள் இரண்டு பேர். செடிகள் நான்கு. இதில் யாரும் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

எங்களுக்கு அந்தப் பழக்கம் எல்லாம் கிடையாது. எனிட்டுக்கு மூட்டுவாதம். ஜாம் புட்டியைத் திறக்க முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது. டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது. பக்கத்து வீட்டு டோரீன்தான் ஒருநாள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இத வெண்ணெயில காய்ச்சி பிஸ்கட் சுட்டுக் குடு கிளைவ், எங்கக்கா இப்போ டான்ஸ் கிளாஸ் போறா" என்றாள். அடுத்த வாரம் ஒருநாள் காலையில் வேலி ஓரத்தில் நான்கு நாற்றுகள் தயிர் டப்பாக்களில் நின்றன. யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் டோரீன் எனக்கு வழங்கியதாக ஆகிவிடும், வழங்குவது குற்றம். விசாரிக்காதவரை அவை தானாக வந்தவை.

பால் டப்பாவை நறுக்கிப் பட்டைகள் செய்து பெயர் எழுதிச் செருகினேன். எனிட் 1, எனிட் 2, கிளைவ் 1, கிளைவ் 2. அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன்யா, இதுங்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் வாங்கிட்டியா?" என்று கேட்டாள். நாற்பத்திரண்டு வருடமாக இப்படித்தான் என்னைச் சீண்டுவாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள், எதையும் அட்டை முதல் அட்டை வரை படிப்பாள். அந்தத் துண்டறிக்கையைப் பார்த்தும், "பின்பக்கம் படிச்சியா?" என்று கேட்டாள். முன்பக்கத்தில் எண்ணிக்கை இருக்கிறது, அது போதும் என்றேன். அவள் விரல்களால் அந்தக் காந்தத்தை எடுக்க முடியாது, ஆகவே பேச்சு அதோடு நின்றது.

நாற்றுகள் வந்ததே பிந்தி. மே முடியும்போதுதான் இடுப்பு உயரம் வந்தன. அதற்குள் எங்கள் கம்பா பகுதியில் குளிர்காலத்தின் முதல் உறைபனி விழுந்துவிட்டது. காலையில் புல் நொறுங்குகிறது, கிளைவ் 2 தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. அன்றைக்கே நான்கையும் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

இதில் என் சிக்கனத்தைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். கடைக்காரர்கள் கூடாரம், மின்விசிறி, பிரதிபலிப்புத் துணி என்று ஒரு கார் விலைக்குச் சொல்கிறார்கள். நான் வாங்கியது எல்.ஈ.டி. விளக்குப் பலகை ஒன்று மட்டும், அதுவும் யாரோ கழித்துப்போட்டது. விசிறி பழைய கணினியிலிருந்து கழற்றியது. சுவருக்கு, மலையேறும்போது பையில் வைத்திருப்போமே, குளிரில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் போர்த்துகிற வெள்ளித்தாள் போர்வை, அதில் எங்களிடம் இரண்டு இருந்தன. நான்கு மூலையும் பளபளத்தது. வேருக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று தொட்டிகளின் கீழே எனிட்டின் மின்போர்வையை மடித்து விரித்தேன். அவள் அதைக் கேட்டாள்தான். செடி யாருக்காக என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

அறை விஷயத்துக்கு வருகிறேன். வடக்குப் பார்த்த அறை ஒன்றுதான், எங்கள் படுக்கையறை. இங்கே வடக்கிலிருந்துதான் வெயில் படும், சுவர் சூடு தாங்கும். செடிகளுக்கு அதைத் தவிர வேறு இடம் சரிப்படாது. நான் ஹாலில் சோபாவுக்கு மாறினேன். அறைக் கதவு ஹாலில்தான் திறக்கிறது, விசிறி நின்றுபோனால் சத்தம் கேட்க ஒரு ஆள் வேண்டும், எனிட்டுக்கோ காது மந்தம். ஆகவே அவளுக்குப் பின்பக்கம் கண்ணாடி அடைத்த வராந்தாவில் கட்டில் போட்டேன். தோட்டம் தெரியும், நல்ல காற்று. பூ விட்டு முடிய எட்டு வாரம்தான் என்றேன். "எட்டு வாரந்தானே, ஸ்கவுட் கேம்ப் மாதிரி நெனச்சுக்கறேன்" என்றாள். அவள் சம்மதித்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழிச் சம்மதம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணெய் ஹீட்டர் வீட்டில் இரண்டு உண்டு. ஆனால் எங்களுடையது அந்தக் காலத்து அரசாங்க வீடு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் போனால் விளக்கு அணையும், விசிறி நிற்கும், நான்கு உயிர் தவிக்கும். எது நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். அவளுக்கு டூனா என்கிற பஞ்சுப் போர்வை இரண்டு, வெந்நீர்ப் பை, கம்பளித் தொப்பி எல்லாம் கொடுத்தேன். செடிகளிடம் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்ல முடியாது.

வெப்பமானி ஒன்றுதான் இருந்தது. அது அறையில். காலை, மாலை பார்த்து நோட்டில் எழுதுவேன். இருபத்து நான்கு டிகிரிக்குக் குறையவே இல்லை. வராந்தாவில் எத்தனை என்று கேட்டீர்கள். கருவி இல்லாமல் அளவு சொல்வது என் தொழிலுக்கே விரோதம். ஜன்னலின் உள்பக்கத்தில் காலையில் பனிப் பூ படர்ந்திருக்கும், அவ்வளவு சொல்லலாம். எனிட் அதில் நகத்தால் ஏதாவது எழுதி வைப்பாள். ஒருநாள் 'எனிட் 3' என்று எழுதி, அடியில் ஒரு தொட்டி வரைந்திருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படிப்பட்டவள்.

பூக்கும் காலத்தில் செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும். அரைகுறை இருட்டு இல்லை, கும்மிருட்டு. நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தாலும் குழம்பிப்போய்ப் பூவைக் கெடுத்துக்கொள்ளும். ஆகவே மாலை ஏழுக்குக் கதவு சாத்தப்படும், காலை ஏழுக்குத் திறக்கப்படும். கதவில் ஒரு சீட்டு ஒட்டி நேரத்தை எழுதியிருந்தேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி மாலை ஏழு இருபதுக்கு எனிட் தடுமாறிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். இருமலாக இருந்தது. உதடு கொஞ்சம் நிறம் மாறியிருந்ததாக நினைவு.

"கிளைவ், என் கம்பளி அங்கி அலமாரில இருக்கு. எடுத்துக் குடு."

"மணி ஏழு இருபது, எனிட்."

"தெரியும். ஒரு நிமிஷந்தான். கண்ண மூடிட்டுக்கூட எடுத்துருவேன்."

"கதவத் தொறந்தா ஹால் வெளிச்சம் உள்ள போயிடும்."

"அப்ப ஹால் விளக்க அணையேன்யா."

இதை நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன். ஆனால் தெருவிளக்கு இருக்கிறது, டி.வி.யில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. தவிர, ஒரு விதிக்கு ஒருமுறை விலக்கு கொடுத்தால் பிறகு அது விதியே இல்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் கற்றது அதுதான். காலை ஏழுக்கு நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ நல்ல மனுஷன்தான் கிளைவ். ஆனா உன்கிட்ட முகவரி மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவளுடைய வழக்கமான கிண்டல்.

மறுநாள் காலை ஏழு அடித்ததும் கதவைத் திறந்தேன். அலமாரியிலிருந்து அங்கியை எடுத்துக்கொண்டு நேரே வராந்தாவுக்குப் போனேன். சொன்ன சொல்லை மறக்கிற ஆள் நான் இல்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

அழுதேன். அதையும் எழுதுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த அங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை அழுதேன். பிறகு செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனபோதுதான் விஷயம் உறைத்தது. செடிகள் நான்கு. வீட்டில் ஆள் ஒன்று.

நான் அப்போது என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கு போன் செய்தால் அந்த நிமிடமே நான் இரண்டு செடி அதிகமாக வைத்திருக்கும் குற்றவாளி. போன் செய்வதற்குமுன் இரண்டைப் பிடுங்கிவிடலாம். எந்த இரண்டை. நியாயப்படி எனிட்டின் இரண்டை. அவள் பெயர் எழுதிய பட்டை செருகி, அவள் மின்போர்வையின் மேல் நின்றுகொண்டு, மொட்டு விட்டிருக்கிற செடிகளை அவள் இறந்த அன்றே பிடுங்குவதா. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. என்னுடையதைப் பிடுங்கலாம் என்றால், மிஞ்சுவது இறந்தவள் பெயரில் இரண்டு செடி, அதற்கும் சட்டத்தில் இடமில்லை. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை அவள் இந்த வீட்டில் வசிப்பவளாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். வராந்தாக் குளிரில் உடம்புக்கு எதுவும் ஆகாது.

பத்தொன்பது நாள் அப்படிப் போனது. காலையில் டீ போட்டு, மூன்று நிமிடம் விட்டு, அவள் பக்கத்தில் ஒரு கோப்பை வைப்பேன். வசிக்கிறவருக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியாது.

டோரீன் தினமும் நாயோடு நடக்கப் போவாள். பத்தாவது நாள் இருக்கும், குப்பைத் தொட்டியை வெளியே வைத்தபோது பிடித்துக்கொண்டாள்.

"கிளைவ், உன் கூரையப் பாத்தியா? தெரு முழுக்க கூரையெல்லாம் பனி வெள்ள வெளேர்னு கெடக்கு, உன் பெட்ரூம் மேல மட்டும் வழுக்கத் தல மாதிரி கருப்பா தெரியுது. உள்ள பேக்கரி ஏதும் ஆரம்பிச்சிருக்கியா?"

"எனிட்டுக்குக் குளிர் ஆகாது, டோரீன்."

"ஓ, அவளுக்காகவா? பரவால்ல, உனக்கும் ஈரம் இருக்குதுப்பா. கை வலி எப்படி இருக்கு அவளுக்கு?"

"இப்ப வலி இல்ல" என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

அவள் போன பிறகு நானும் தெருவில் நின்று பார்த்தேன். உண்மைதான். அறைக்கு மேலே ஓடு காய்ந்து கருப்பாக இருந்தது. பின்பக்கம், வராந்தாவின் தகரத்தின் மேல், தெருவிலேயே மிகத் தடிமனான பனி. யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம் போலிருந்தது. டோரீன் மெதுவாகப் படிக்கிறவள், உங்களைக் கூப்பிட அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் பிடித்தது.

இன்று காலை நீங்கள் வந்ததும் நேரே செடி அறைக்குப் போனீர்கள். எண்ணினீர்கள். நான்கு, வீட்டில் இரண்டு பேர், கணக்கு சரி என்றேன். "இன்னொருத்தர் எங்க, சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டீர்கள். பின்பக்கம் என்றேன். திரும்பி வந்தபோது உங்கள் முகம் வேறாக இருந்தது. தொப்பியைக் கழற்றியிருந்தீர்கள். சமையலறைக்குப் போனீர்கள். பிறகு அந்தக் காந்தத்தை எடுத்து, துண்டறிக்கையைத் திருப்பி, என் முன்னால் வைத்தீர்கள்.

செயற்கை விளக்கிலோ செயற்கைச் சூட்டிலோ வளர்த்தால் ஒரு செடிகூடக் குற்றம். பின்பக்கத்தில், தடித்த எழுத்தில்.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை, சார்ஜென்ட். முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குப் பின்பக்கம் நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பியவன் நான். மே மாதமே இது தெரிந்திருந்தால் எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்பட்டே இருக்கமாட்டேன். எனிட் விஷயத்தை அன்றைக்கே சொல்லியிருப்பேன். பத்தொன்பது நாள் வீணாகிவிட்டது.

ஆகவே இதுதான் என் வாக்குமூலம். விளக்கு போட்டது நான். ஹீட்டரை அறையில் வைத்தது நான். கதவைத் திறக்காததும் நான். கையெழுத்துப் போடுகிறேன், கட்டத்துக்குள்ளேயே.

ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் ஆட்கள் செடிகளைக் கொண்டுபோய் ஸ்டேஷன் கொல்லையில் வைத்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மாலை ஆறுக்கெல்லாம் பனி இறங்கிவிடும். தயவுசெய்து உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உயிருள்ள எதையும் அந்தக் குளிரில் விட்டுவைக்க எனக்கு மனம் வராது.