ஒருவர் மட்டும் இறங்கும் படித்துறை

வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதிவிடுவது என் வழக்கம். கல்லிடைக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் பழகியது, இன்றுவரை விடவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் கடிதப் பிரிவில் இருந்த வருஷங்களில், என் மேஜையில் ஒரு தபால் இரவு தங்கியதாக யாரும் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் 'படித்துறை' என்று ஒரு பலகை நடத்திவருகிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்டர்நெட் பரவுவதற்கு முன்னால், ஒருவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போன் போட்டு உள்ளே போவார். அங்கே ஒரு கடிதம் வைப்பார், தனக்கு வந்ததைப் படிப்பார், வெளியேறுவார். அதுதான் அறிவிப்புப் பலகை. என்னுடையது டிவியில் மாட்டி ஓட்டும் பழைய கமடோர் கம்ப்யூட்டர். போன் கம்பிக்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில் ஒரு வைஃபை கருவி. அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரிடம் அது தன்னை மோடம் என்று சொல்லி நம்பவைத்துவிடும். மற்ற எதையும் நான் மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம். அடுத்தவருக்கு 'பிஸி' என்று வரும். ஆகவே படித்துறையில் இரண்டு பேர் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வழியே கிடையாது. எல்லாம் நடுவில் இருக்கிற என் வழியாகத்தான்.

மேலப்பாளையம் ஹாஜாவை வண்ணார்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் சந்தித்தேன். சவூதி அரேபியாவின் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பியவர். மகனுக்கு அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிக்கொடுத்த கமடோரை மூட்டை கட்டி எடுத்துவந்திருந்தார். அதற்குச் சரியான அடாப்டர் தேடிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்று உபரியாக இருந்தது.

மாடிக்கு வந்து பலகையைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன வே இது, வாட்ஸப்பு ஒரு நொடில போவுது. நீரு ஆமைக்கு லாடம் அடிச்சிக்கிட்டு இருக்கீரு."

ஆனால் மறுநாளே சேர்ந்துவிட்டார். தினமும் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, தன் வீட்டிலிருந்தே பலகைக்குள் வருவார். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும். வாக்கியம் முடிந்தால் ஹாஜா எப்போதும் இரண்டு புள்ளி வைப்பார்.

அடுத்த வருஷம் தம்மாமிலிருந்து ஒருவர் 'கடல்காகம்' என்ற புனைபெயரில் சேர விரும்பினார். புதிதாக வருகிறவரை நான் போனில் கூப்பிட்டு, சொந்தப் பெயர் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சேர்ப்பேன். பழைய பலகைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

"மாமா, நான் ஹாஜா மவன் அம்மார். நீங்க பலகை நடத்துதது தங்கச்சி ஸமீஹா சொல்லித்தான் தெரியும். வாப்பாட்ட சொல்லிராதிய. நான்னு தெரிஞ்சா பொட்டிய மூடி பரண்ல போட்டுருவாக."

தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவன். வாசப்படி மிதிக்கக் கூடாது என்று ஹாஜா சொல்லியிருந்தார். வீட்டில் அவன் பேச்சை எடுக்கவே கூடாது. நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

வாப்பாவும் மகனும் தினமும் எழுதிக்கொண்டார்கள். ஹாஜாவுக்கு அவர் யாரோ ஒரு தம்மாம்காரர். கீபோர்டுச் சாவிகளைச் சுத்தம் செய்வது எப்படி என்பதில் தொடங்கி, பிரியாணிக்கு எந்த அரிசி என்பது வரை போனார்கள். ஒருநாள் ஹாஜா எழுதினார்: 'எனக்கும் அங்கன ஒரு மவன் இருக்கான்.. கோவக்காரன்.. என்னைய மாதிரியே..'

மற்ற உறுப்பினர்கள் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் அதிகம். இவர்கள் இருவர்தான் தினமும் வந்தவர்கள். காலையில் எழுந்ததும் இரண்டு கடிதங்கள் காத்திருக்கும். அவற்றைப் படித்துவிட்டுத்தான் காபி போடுவேன். பிறர் கடிதத்தைப் படிக்கலாமா என்று கேட்பீர்கள். கெட்ட வார்த்தை எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது நடத்துகிறவனின் பொறுப்பு.

பிறகு அம்மாரின் அந்தக் கடிதம் வந்தது. 'வாப்பா, நான்தான் அம்மார். பெருநாளைக்கு வீட்டுக்கு வரட்டுமா?'

அதை நிறுத்திவைத்தேன். அவன் வந்துவிட்டால் அப்புறம் வீட்டுக்குள் பேசுவார்கள், போனில் பேசுவார்கள். ஆமையை யார் தேடுவார்கள்? ஒரு நாள் யோசிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பதில் போடாமல் ஒரு கடிதத்தை இரவு தங்கவிடுவது என்னால் ஆகாது. ஆகவே ஹாஜா பெயரில் நானே எழுதினேன். 'தெரியும் மவனே.. இப்பம் வராண்டாம்.. பைய வரலாம்.. இங்கனயே பேசுவோம்..'

இரண்டு புள்ளி வைக்க மறக்கவில்லை.

அதன்பிறகு வேலை கொஞ்சம் கூடிவிட்டது. அம்மாரின் கடிதத்தில் 'வாப்பா' என்று வருகிற இடத்தில் 'அண்ணாச்சி' என்று மாற்ற வேண்டும். ஹாஜாவின் கடிதத்தில் 'நண்பரே' என்று வருகிற இடத்தில் 'மவனே' என்று மாற்ற வேண்டும். ஒரு இடத்தில்கூடத் தவறவிட்டதில்லை. வாப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கும் சந்தோஷம் மகனுக்கு இருந்தது. நல்ல நண்பர் கிடைத்த சந்தோஷம் ஹாஜாவுக்கு இருந்தது. யாருக்கு என்ன குறை என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன்.

ஹாஜாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகும் முன், ஸமீஹாவை ஆட்டோவோடு நிற்கவைத்துவிட்டு ஒரு கடிதம் அடித்தார். 'நண்பரே.. அங்கன அம்மார்னு என் மவன் இருக்கான்.. எப்படியாச்சும் தேடிப் புடிச்சு வரச் சொல்லுங்க.. எனக்கா போன் போட நாக்கு வரமாட்டேங்கு..'

அந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பியிருக்கலாம். வெறும் ஒரு சாவியைத் தட்டினால் போதும். ஆனால் அப்படிப் போனால், இத்தனை நாள் மகனே என்று எழுதியவர் திடீரென்று நண்பரே என்கிறாரே என்று அம்மார் கேட்பான். பிறகு எல்லாம் வெளியே வரும். என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது? ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆட்டோவோடு நிற்கும்போதே ஸமீஹா அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் டிக்கெட் எடுத்துவிட்டு, பலகையில் வாப்பாவிடம் கேட்டான். அன்றைக்கே பதில் போய்விட்டது. 'ஒண்ணுமில்ல மவனே.. வாயுப் புடிப்பு.. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன்.. தங்கச்சி பயந்துட்டா.. வேலைய விட்டுட்டு வராண்டாம்..'

மூன்றாம் நாள் ஹாஜா மவுத்தாகிவிட்டார். அம்மார் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

பாத்திஹா ஓதிய அன்று, தூக்குவாளியில் நெய்ச்சோறு எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தான். ஹாஜாவின் நெற்றி அவனுக்கு அப்படியே இருந்தது.

"நான் வரத்தான் இருந்தேன் மாமா. டிக்கெட்டும் போட்டாச்சு. வாப்பாதான் வராண்டாம்னுட்டாக. அவுக சொல்லைத் தட்டி ஒரு தடவ போனதுக்குத்தான் இத்தன வருஷம் மூஞ்சில முழிக்காம கெடந்தேன். இன்னொரு தடவ தட்டவாண்டாம்னு கேன்சல் பண்ணிட்டேன்."

வாளியைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

"ஆனா ஒண்ணு மாமா. கடைசில மவனேன்னு கூப்பிட்டுட்டாக. அது போதும் எனக்கு. நீங்க இல்லன்னா அதுவும் கெடச்சிருக்காது. சாப்பிடுங்க, ஆறிரும்."

சாப்பிட்டேன். நடந்தது எல்லாவற்றிலும் என்னைத் தலைகுனிய வைப்பது அந்தச் சோறுதான். தொண்டையில் எங்காவது நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. ருசியாகக்கூட இருந்தது. வாளியைக் கழுவிக் கொடுத்தேன். வாப்பாவின் கடிதங்களைக் கேட்டான். நான் திருத்தியவற்றைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் மேலப்பாளையம் பக்கம் நான் போவதில்லை. பஸ் அந்த வழி போகும் என்றால் இறங்கி வேறு பஸ் ஏறுகிறேன். பாங்குச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறேன். கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதை விட்டுவிட்டேன்; கடைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஹாஜாவின் கமடோரை அம்மார் தம்மாமுக்குக் கொண்டுபோய்விட்டான். "இனி உங்கட்டத்தான் மாமா பேசணும்" என்றான். தினமும் வருகிறான், தவறுவதில்லை. காலையில் எனக்கென்று ஒரு கடிதம் இருக்கிறது. இப்போதெல்லாம் முடிக்கும்போது அவனும் இரண்டு புள்ளி வைக்கிறான். என்னுடைய பிரிண்டைப் பார்த்து அந்தப் பழக்கம் படிந்திருக்கும்.

இவ்வளவையும் பலகையிலேயே, என் ஒருவனுக்கு மட்டும் திறக்கும் பகுதியில் அடித்துவைத்திருக்கிறேன். அம்மாருக்கு இதைத் திறந்துவிடுவேன். அதற்கு ஒரு சாவியைத் தட்டினால் போதும். அவன் மனசு கொஞ்சம் தேறட்டும் என்றுதான் பார்க்கிறேன். நான் உள்ளே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கும்வரை, வெளியிலிருந்து அழைக்கிறவருக்குப் 'பிஸி' என்றுதான் வரும். அம்மார் வருகிற நேரம் ஆகிவிட்டது. முடித்துக்கொள்கிறேன். ஒருவரைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது..