அரைச் சுற்று

நாலடி மீன் தொட்டிக்கு வாரம் மூன்று வாளி தண்ணீர் மாற்றினால் போதும், டாக்டர். பலருக்கு இது தெரிவதில்லை. தொட்டியை முழுக்கக் காலி செய்து, கூழாங்கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, பளபளவென்று புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டு, மறுநாள் மீன் செத்து மிதந்ததும் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். என் தம்பி மனைவி அப்படிப்பட்டவள் அல்ல. தொட்டி விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. உங்கள் கோப்பில் அவள் கவனக்குறைவானவள் என்று எழுதியிருக்கிறது. அது நான் சொல்லி நீங்கள் எழுதியது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

போன முறை, இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். நான் பாதிதான் சொன்னேன். இன்று அவளைப் பார்க்க வந்தபோது நர்ஸ், மாத்திரையைக் கூட்டப் போகிறீர்கள் என்றார். அவளுக்கு ஏற்கெனவே கை நடுங்குகிறது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வேண்டாத மருந்தை ஒரு உடம்பில் ஏற்றுவது பாவம். அதனால் மீதியையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நான் முப்பது வருஷம் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு இருபத்திரண்டு, தம்பிக்கு எட்டு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், இவனையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்டேன். பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. நான் அதற்காக அழுதவள் அல்ல. அவன் படித்தான், லிப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான், நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டான். அவள் ஒரு பெட்டியும் ஒரு மீன் தொட்டியுமாக என் வீட்டுக்கு வந்தாள். அவன் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவான். எனக்கு அவள்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. நல்ல பெண். கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அவர்கள் மகள் பாப்பாவுக்கு ஒன்றரை வயது ஆன மாதம், சாப்பிடும்போது தம்பி சொன்னான்.

"அக்கா, நாங்க தனியா ஒரு வீடு பாத்திருக்கோம். என் வேலைக்குப் பக்கம். மூணு மாசத்துல காலியாகுது. ஒரு மணி நேரம்தான், வாரா வாரம் வந்துடுவோம்."

"நீங்களும் வந்து தங்கணும் அண்ணி," என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள்.

வாரா வாரம் மாற்றுவது மீன் தொட்டித் தண்ணீர், டாக்டர். இருபத்தெட்டு வருஷம் வளர்த்தவளையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டி வழிந்தது. அது நான் செய்தது அல்ல. தண்ணீர் நிரப்ப, சமையலறைக் குழாயிலிருந்து கூடம்வரை ஒரு நீளமான பச்சை டியூபை இழுத்துத் தொட்டி விளிம்பில் மாட்டி வைப்பாள். அன்று பாப்பா கட்டிலிலிருந்து விழுந்து அலற, இவள் குழாயை மறந்துவிட்டு ஓடினாள். கூடம் முழுக்கத் தண்ணீர். யாருக்கும் கோபமில்லை. "மீனுக்கு இடம் பத்தலைன்னு நம்மளையும் நீந்தச் சொல்றா," என்று தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். நான் துணியெடுத்துத் துடைத்தேன். அப்போது தம்பி என் பக்கம் குனிந்து, "அக்கா, நீ கொஞ்சம் பாத்துக்க, இவ தலை எங்கயோ இருக்கு," என்றான்.

நீ பார்த்துக்கொள் என்று அவன் என்னிடம் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

அவளுக்கு ஒரு வழக்கம். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் வந்ததும் குழாயை மூடுவாள். டியூபை எடுக்கமாட்டாள். அப்படியே விட்டுவிட்டு பில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் கழுவப் பின்பக்கம் போவாள். திரும்பிவரப் பத்து நிமிஷம் ஆகும். சமையலறையில் நான்தான் இருப்பேன். இரண்டு வாரம் கழித்து, அவள் பின்பக்கம் போனதும், குழாயை அரைச் சுற்று திறந்தேன். அரைச் சுற்றுக்குச் சத்தம் வராது. அதற்கு முன், குழாய்த் தண்ணீர் மீனைக் கொல்லாமலிருக்க ஊற்றும் மருந்தைக் கூடுதலாக இரண்டு மூடி ஊற்றினேன். வாயில்லா ஜீவன்கள், அவை என்ன பாவம் செய்தன.

"அண்ணி, நான் மூடினேனே," என்றாள் அவள், தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு.

"மூடின மாதிரி நினைச்சிருப்ப. யானைக்கும் அடி சறுக்கும், விடும்மா."

வழிந்த தண்ணீரை முதல் ஆளாகத் துடைப்பவளை யாரும் சந்தேகப்படுவதில்லை. அடுத்த முறை, அழுக்குத் தண்ணீரை இறக்கும் டியூபின் நுனியை வாளியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டேன். தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டது. கீழே ஒரு தையற்காரர் குடியிருக்கிறார். தைத்து மாட்டியிருந்த ஒரு கல்யாணக் கோட்டோடு மேலே ஏறிவந்தார்.

"ஏம்மா, மாடியில குளம் வெட்டறீங்களா? சொன்னா நானும் தூண்டில் கொண்டு வருவேன்ல?"

அவள் அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். அன்று முதல் விஷயம் வீட்டைத் தாண்டிவிட்டது. படியில் பார்க்கிறவர்கள், இன்னைக்குத் தொட்டி சுகமா என்று அவளைக் கேட்பார்கள். விளையாட்டாகத்தான் கேட்பார்கள். அவள் சிரிப்பது குறைந்தது.

பிறகு அவளே என்னிடம் வந்தாள். "அண்ணி, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்க," என்றாள். ஆய்வுக்கூடத்தில் வாயு அடுப்பை மூடியதும் தாளில் நேரம் எழுதி டிக் போடுவோம், அதுபோலச் செய் என்றேன். குழாய்க்கு மேலே ஒரு தாளை ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். பத்து பதினைந்து, மூடியாச்சு, டிக். அழகான கையெழுத்து. இரண்டு ஞாயிறுகள் நான் எதுவும் செய்யவில்லை. அவள் முகத்தில் தெளிவு வந்தது, வீடு மாற்றும் பேச்சும் திரும்ப வந்தது. மூன்றாவது ஞாயிறு, அவள் டிக் போட்டுவிட்டுப் போனதும் திறந்தேன்.

தாளில் டிக் இருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தாளைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். அழவில்லை. கையை மட்டும் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும். அம்மியும் நகரும் என்பார்களே, அது அன்று நகர்ந்தது.

அதற்குப் பிறகு என் வேலை குறைவு. அவளாகவே அடுப்பை ஏழு தடவை பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். "இனிமே பாப்பாவை நீங்களே குளிப்பாட்டுங்க அண்ணி, எனக்குத் தண்ணியத் தொட பயமா இருக்கு," என்றாள். குழந்தையை என் கையில் கொடுத்தது அவள்தான், டாக்டர். நான் பிடுங்கவில்லை.

தம்பிதான் பிடிவாதமாக இருந்தான். புது வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும், அந்தத் தொட்டியை விற்றுவிடலாம் என்றான். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான்.

அவன் நாலு மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்ன ஒரு நாள். அவள் பாப்பாவை அணைத்துக்கொண்டு தூங்கினாள். பல நாள் தூங்காதவள், ஆளையே தூக்கிக்கொண்டு போனாலும் தெரிந்திருக்காது. நான் பாப்பாவை மெதுவாக எடுத்துக் குளியலறையில் நீல டப்பில் உட்கார வைத்தேன். கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தேன். சிரித்தாள். குழாயைத் திறந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டப் நிறைந்து வழிந்து, தண்ணீர் கதவுக்கு அடியில் நடைவரைக்கும் போனது. படியில் தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து சமையலறைக்கு வந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

படி ஏற எட்டு எண்ணும் நேரம் போதும். அதை நான் முன்பே எண்ணிப் பார்த்திருந்தேன். ஆனால் தையற்காரர் அவனைப் படியில் நிறுத்திப் பேச்சுக் கொடுத்துவிட்டார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். இருபதில் கோப்பை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. முப்பதில் ஒரு சத்தமும் இல்லை. நான் போயிருக்கலாம். ஏழடிதான். போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நாற்பத்து மூன்றில் அவன் கதவைத் திறந்தான்.

பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்திருந்தாள். அவன் தூக்கிக் கொடுக்க, நான் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியதும் அழுதுவிட்டாள். அந்தச் சத்தத்தில்தான் இவள் எழுந்து வந்தாள். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஈரத்தரையில் நின்று அவளே சொன்னாள்.

"நான்தான் வெச்சிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நான்தான். என்னை எங்கயாவது கொண்டு போய் விட்டுடுங்க."

தம்பி குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, "அக்கா, நீ மட்டும் இல்லன்னா," என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு சின்னப் பையனாகத் தெரிந்தான். மறுநாள் இங்கே கொண்டுவந்தோம். சேர்க்கும் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள், நீங்கள்தான் வாங்கினீர்கள்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், டாக்டர்? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டியவள் என்று நினைக்கிறீர்கள். ஒருவகையில் நியாயம்தான். ஆனால் தொட்டிலை நான் எவ்வளவு நன்றாக ஆட்டுகிறேன் என்று வீட்டுக்கு வந்து பாருங்கள். தம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறான். வீடு மாற்றும் பேச்சே இல்லை. பாப்பா இந்த ஆறு மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள், ராத்திரி என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அவளுக்கு நோய் எதுவும் இல்லை. அதனால் அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள், கை நடுக்கம் போகட்டும். இங்கே தோட்டமெல்லாம் இருக்கிறது, நல்லபடியாக இருக்கட்டும். வீட்டுக்கு மட்டும் இப்போது அனுப்ப வேண்டாம். பாப்பா போன வாரத்திலிருந்துதான் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறாள். இந்த நேரத்தில் யாரையாவது கொண்டுவந்து நிறுத்தி, இவள்தான் உன் அம்மா என்று சொல்லிக் குழந்தையைக் குழப்பக் கூடாது, பாருங்கள்.