நாற்பத்தொன்றாம் தன்னார்வலர்

என் அக்கா பார்ப்ரோவுக்குக் காபி போட வராது. கசந்து வழியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போனால் நானே போடுவேன்.

நான் நரம்பியல் மருத்துவன். இதே கோத்தன்பர்க்கில் பல வருடங்களாக முதியவர்களின் முதுகுத்தண்டு நீரை ஆராய்கிறேன். எந்த நோயும் இல்லாதவர்களின் நீர்தான் எனக்கு வேண்டும். மறதி வெளியே தெரிவதற்கு வெகு முன்பே அந்த நீரில் இரண்டு புரதங்களின் அளவு மாறிவிடும்; மாறினால் மறதி வந்தே தீரும் என்பது என் கட்சி. அக்கா தானாகவே முன்வந்தாள். ஊசி இறங்கும்போது குனிந்தபடியே, "டேய் தூரே, மூளைன்னு ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுடா" என்றாள்.

அவள் நீரில் இரண்டு புரதங்களுமே மாறியிருந்தன. அவளிடம் நான் சொல்லவில்லை. ஸ்டாக்ஹோம் மாநாட்டில், பெயரைச் சொல்லாமல், நாற்பத்தொன்றாம் தன்னார்வலர் என்று அவளுடைய வரைபடத்தைக் காட்டினேன். மூன்று வருடத்துக்குள் இவருக்குத் தன் வீடே மறந்துபோகும் என்றேன். அரங்கில் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

மூன்று வருடம் போயிற்று. அக்கா பாடகர் குழுவில் புதுப் பாட்டுகளை மனப்பாடம் செய்தாள். சீட்டில் என்னைத் தோற்கடித்தாள். என்னுடன் வேலை செய்யும் மாலின், "சில பேருக்கு வயசானா நீர் இப்படி மாறும் போல, டாக்டர். அது நோயாத்தான் இருக்கணும்னு இல்லையே" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அடுத்த மாநாட்டில், சாப்பாட்டு வரிசையில், ஒரு டென்மார்க்காரர் எல்லோர் காதிலும் விழும்படி, "என்ன சார், உங்க நாப்பத்தொண்ணு சௌக்கியமா? உங்களைவிடத் தெளிவா இருக்காங்களாமே" என்றார்.

அதற்குப் பிறகுதான் தொடங்கினேன். முதலில் சின்னச் சின்னதாக. அவளுடைய கண்ணாடியை எடுத்து ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். "போன வாரமே சொன்னேனே, அக்கா" என்பேன், சொல்லியிருக்க மாட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். அப்புறம் காபியில் மாத்திரை. வயதானவர்களுக்குக் கொடுத்தால் புத்தி மூட்டமாகிவிடும், கொடுக்காதீர்கள் என்று மாணவர்களுக்கு நானே சொல்லித்தரும் மாத்திரை அது.

இலையுதிர்காலத்தில் அவள் பாடகர் குழுவிலிருந்து விலகினாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னமோ ஆகுதுடா, தூரே. நீயாவது என்னை விட்டுராத" என்றாள். விடவில்லை. அன்றிலிருந்து தினமும் போனேன். நினைவாற்றல் சோதனையில் அவள் மதிப்பெண் சரிந்தது. மாலின் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். டென்மார்க்காரருக்குப் புது வரைபடத்தை அனுப்பிவைத்தேன்.

ஜனவரியில், பனி கொட்டிய இரவில், அக்கா வீட்டுக்குள் போடும் செருப்போடு வெளியே போயிருக்கிறாள். திரும்பி வரத் தெரியவில்லை. நாலு வீடு தள்ளி, ஆள் இல்லாத ஒரு வீட்டு வாசலில் விறைத்துக் கிடந்தாள். கையில் தன் வீட்டுச் சாவி. அந்தக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர், பிரேதப் பரிசோதனை அறிக்கையை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ரத்தத்தில் மாத்திரை இருந்ததாம். ஆமாம், கலந்தது நான்தான். அதில் உங்களுக்குச் சிரமம் வைக்கமாட்டேன். ஆனால் வயதுக்கேற்ற ஆரோக்கியமான மூளை என்று எழுதியிருக்கிறாரே அந்தப் பரிசோதனை மருத்துவர், அவரிடம் ஒன்று சொல்லுங்கள். அவசரப்பட்டுப் பார்த்துவிட்டார். அக்கா இன்னும் இரண்டு வருடம் உயிரோடு இருந்திருந்தால், நான் சொன்னது சரி என்று தெரிந்திருக்கும்.